பூஜ்யத்துக்குப் பூஜ்யம்

மூன்றே வாக்கியம்.
உடம்பு ஒத்துழைக்கவில்லை.
பையன்கள் நல்ல பையன்கள்.
ஒன்பதரை மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும்.

இருபத்திமூன்று வருடத்தை
எரிக் பாஷெக் அப்படித்தான் நாலாக மடித்து
மேல்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்,
ஒரு கோலும் விழாத இரவில்,
சிலேசியாவின் நவம்பர் மழையில்.

மறுநாள் டிராம் ஓட்டும் கெரார்ட்
பழைய சுரங்க வாசலில் வண்டியை நிறுத்த மறந்தான்.
இறங்க வேண்டியவர்களும் மறந்திருந்தார்கள்.
சூரியகாந்தி விதை விற்கும் யட்விகா
"எனக்கு முன்பே தெரியும்,
கடைசி நிமிடத்தில் தொப்பியைக் கழற்றினாரே" என்றாள்.
எல்லோருக்குமே முன்பே தெரிந்திருந்தது.
ரொட்டிக்கடை வரிசையில் மட்டும் ஏழு பேருக்கு.

மைதானக் கதவில் யாரோ ஒரு கழுத்துத்துணியைக் கட்டினார்கள்.
மழையில் அதன் பச்சைச் சாயம் இறங்கி
நடைபாதை வரை வந்தது.
தாண்டிப் போவதா மிதித்துப் போவதா என்று
தபால்காரர் கொஞ்ச நேரம் நின்றார்.

மருந்துக்கடை இரேனா அழுதாள்.
அவள் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை.
நாங்கள் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய வருடம்
அவர் என்ன மாத்திரை வாங்கினார் என்று
ஊரில் அவளுக்கு மட்டும் தெரியும்.
சொல்ல மாட்டாள்.

வேறொரு பயிற்சியாளரைப் பார்த்தே இராத பயல் ஒருவன்
"வானிலைகூட ராஜினாமா செய்யுமா?" என்றான்.
அவனுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.
பீர்தான் வாங்கிக் கொடுத்தோம்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.
நான்தான் அந்தக் குரல்.
ஏழாம் பகுதி, பன்னிரண்டாம் வரிசை.
பத்தொன்பது வருடம்
"போய்விடு பாஷெக்!" என்று கத்தியவன்.
தோற்றால் கத்தினேன். ஜெயித்தால்
இன்னும் இரண்டு போட்டிருக்கலாமே என்று கத்தினேன்.
கல்யாணத்துக்கு மறுநாள் புதுச்சட்டையோடு கத்தினேன்.
கொதிகலன் ஆலையை இழுத்து மூடிய வாரம்
அடித்தொண்டை கிழியக் கத்தினேன்.
ஆலையை மூடியவர்களின் முகம் எனக்குத் தெரியாது.
பாஷெக் அங்கேயே நின்றார், கோட்டுக்கு வெளியே,
முதுகைக் காட்டிக்கொண்டு.
ஒருமுறைகூடத் திரும்பியதில்லை.
இடது காதுமடலை மட்டும்
கட்டைவிரலால் தேய்த்துக்கொள்வார்.

என் வாக்கு பலித்துவிட்டது.
பலித்த வாக்கை எங்கே வைப்பதென்று தெரியாமல்
சமையலறையில் நின்றேன்.
"சந்தோஷம்தானே?" என்றாள் தொரோட்டா.
சூப்பில் உப்பில்லை என்றேன்.
உப்புக்குப்பி என் கைக்கு நேரேதான் இருந்தது.

மார்ச்சில் புதியவர் வந்தார்.
முப்பத்தாறு வயது, கையில் டேப்லெட்,
எங்கள் சேற்றில் வெள்ளைக் காலணி.
ஒவ்வொரு வாக்கியத்திலும் 'கட்டமைப்பு' என்றார்.
கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.
வாசலில் யட்விகாவுக்கு வணக்கம் சொன்னாராம்,
விதை மட்டும் வேண்டாம் என்றாராம், கொழுப்பு அதிகமாம்.
யட்விகா இன்னும் மன்னிக்கவில்லை.

பதினோராம் நிமிடம்.
இடப்பக்கம் வாசல்போலத் திறந்து கிடந்தது,
பந்து விருந்தாளியாக உள்ளே வந்தது.
எழுந்தேன். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தேன்.
"போய்விடு பா..."

நாக்கும் ஒரு டிராம்தான்.
தண்டவாளம் போகிற பக்கம்தான் போகும்.
ஏழாம் பகுதி மொத்தமும் சிரித்தது.
கெரார்ட் விதை புரையேறி இருமினான்.

மூன்று வரிசை கீழே
மழைத்தொப்பி போட்ட ஒருவர்
சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.
காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறார்,
டிக்கெட்டின் கிழிந்த பாதி
தொப்பி விளிம்பில் செருகியிருந்தது.

திரும்பவில்லை.
கை மட்டும் மெல்ல மேலே போயிற்று,
இடது காதுக்கு.