கோரம்

ஏழு வாக்கில் செயலாளர் ஆனேன்.
எதிர்த்து நின்றவர் எவருமில்லை.
எட்டாவது என்னுடையது,
போட மறந்துவிட்டேன்.

ஐந்தாம் மாடியில் முப்பத்தெட்டுப் பேர்.
கூட்டம் செல்லுபடியாக இருபது தலை வேண்டும்.
வியாழன் இரவு ஒன்பது, பொது அறை, பிஸ்கட் உண்டு என்று
அடிக்கோடிட்டு ஒட்டினாலும்
ஆறு பேர் வருவார்கள்,
அதில் ஒருத்தி மின்தூக்கிக்குக் காத்திருப்பவள்.

‘கோரம் இல்லை’ என்று எழுதியே
ஒரு நோட்டு தீர்ந்தது.
விடுமுறையில் அம்மா அதைப் புரட்டி
“அங்கே என்னடி கோரம்?” என்றாள்.
இல்லாததைத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன்.
“இல்லாத கோரத்துக்கா மாசம் எழுநூறு வெள்ளி?”
வீடு ஈசூனில். ரயிலில் ஐம்பது நிமிடம்.
என் கட்டிலில் இப்போது
தம்பியின் மடிக்காத துணிகள் தூங்குகின்றன.

சிறிய பல்கலைக்கழகம்,
இங்கே எல்லாரும் எல்லாரையும் அறிவர் என்று
கையேட்டின் முதல் பக்கம் சொல்கிறது.
நான் அறிந்தது வாசல்தோறும் கிடக்கும் செருப்புகளை.
பெயர் எழுதியும் காணாமல் போகும் பால் பாக்கெட்டுகளை.
ஷுவென் ஹுய் அழுவது
துணி துவைக்கும் எந்திரம் சுழலும்போது மட்டும் என்பதை.
எனக்கும் ஸக்கியாவுக்கும் நடுவே நான்கு அங்குலச் சுவர்.
நாலரைக்கு அவள் அலாரம் என் கனவுக்குள் அடிக்கும்.
சுவரை ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்பிப் படுப்பேன்.
நோன்பு மாதம் என்பது
நாட்காட்டியில் தெரிந்தது, அலாரத்தில் தெரியவில்லை.

நிகழ்ச்சி நிரல், பொருள் நான்கு:
சமையலறை பதினொன்றுக்குப் பூட்டப்படுவது பற்றி.
ஆறு வாரமாக ஒத்திவைப்பு.

அந்த ஆறாம் வாரம்,
விடிகாலை நாலே முக்காலுக்கு
கட்டடமே அலறியது.

கீழே கூடைப்பந்துத் திடல், மழை விட்ட ஈரம்.
முகத்தில் பசை காயாதவர்கள்,
ஒற்றைச் செருப்புக்காரர்கள்.
தாசின் காப்பாற்றி எடுத்து வந்தது
ஒரு கள்ளிச்செடி. மடிக்கணினி மேலேயே.
காவலர் துரைப்பாண்டி டார்ச் அடித்து எண்ணினார்:
“முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு. எல்லாம் இருக்கு.”

அந்த எண்ணை
முதல்முறையாகக் காதால் கேட்டேன்.

ஸக்கியா முன்னால் வந்தாள்.
டிஷ்யூவில் கருகிய ரொட்டி இரண்டு துண்டு.
“நான்தான். சமையலறை பூட்டியிருந்துச்சு லா,
அறையிலேயே சுட்டேன்.”
யாரும் திட்டவில்லை. யாருக்கும் என்ன சொல்வதென்றும் தெரியவில்லை.
சுவரைத் தட்டிய என் கைதான்
எங்கே போவதென்று தெரியாமல் மேலே எழுந்தது.
“கோரம் இருக்கிறது” என்றேன்.

முன்மொழிந்தவர்: தாசின், கள்ளிச்செடியுடன்.
வழிமொழிந்தவர்: பச்சைத் துண்டு கட்டிய ஒருவர்,
பெயர் கேட்க வேண்டும்.
ஆதரவு முப்பத்தேழு.
துரைப்பாண்டியும் கை தூக்கினார், அதைக் கழித்துவிட்டேன்.
எதிர்ப்பு ஒன்று:
ஷுவென் ஹுய், கரப்பான் வரும் என்றாள்.
அதையும் எழுதினேன், கைபேசியில், கட்டைவிரல் நடுங்க.
யாரோ தானியங்கியில் மைலோ வாங்கி நீட்ட,
ஸக்கியா மணி பார்த்தாள். குடித்தாள்.

திங்களன்று அலுவலகம் பதில் எழுதியது:
திடல் முன்பதிவு செய்யப்படவில்லை.
ஆகவே நடந்தது கூட்டமல்ல, வெளியேற்றம்.
மீண்டும் கூட்டவும்.

வியாழன். ஒன்பது மணி. பொது அறை.
பதினொரு பேர்.
கோரம் இல்லை.

நள்ளிரவில் தண்ணீர் பிடிக்கப் போனேன்.
தானே பூட்டிக்கொள்ளும் சமையலறைக் கதவு
பூட்டிக்கொள்ளாமல் நின்றது,
தாழின் வாய்க்குள் எட்டாய் மடித்த ஒரு காகிதம்.
பிரிக்காமலே தெரிந்தது என் கையெழுத்து,
ஓரத்தில் அடிக்கோடிட்ட ‘பிஸ்’.

அதை நான்
குறிப்பில் எழுதவில்லை.