மூணாறு தலைப்பு

நீடாமங்கலம் ரயில்வே கேட்டை
இன்றைக்கு ஏழாவது முறையாகச் சாத்தியிருக்கிறார்கள்.
உரக்கடை மாடியில் நான்,
ஆடை படிந்த டீ,
மூன்று சி கோப்புகள்:
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு.
மூன்றுக்கும் ஒரே தலைப்பு.
ஹெடரைத்தான் சொல்கிறேன்.
ஆறு பிரியும் மதகையும் இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

அதில் நாலு வரி, இன்லைன்:
மில்லிமீட்டரை அடியாக்கும் கணக்கு.
ஆடி முழுக்க ஒழுங்காய் ஓடியது.
இன்று பாமணியாறு மட்டும்
அரை அடி கூடக் காட்டுகிறது.

நின்று நிதானமாய்ப் பார்க்கலாமென்று
கம்பைலரின் அவசரத்தை அணைத்தேன்.
லிங்கர் எழுந்து கேட்டது:
அடிக்கணக்கு என்கிறாயே, யார் அது?
எந்தத் தெரு, எந்தக் கதவு எண்?

நேற்றுவரை இருந்ததே!
இருக்கவில்லை.
கூப்பிட்ட இடத்திலெல்லாம்
கம்பைலர் அதைக் கரைத்து ஊற்றியிருக்கிறது.
யாரும் வீடு தேடிப் போகாததால்
வீடில்லாதது தெரியவில்லை.

இன்லைன் என்ற சொல்லை எடுத்துப் பார்த்தேன்.
உடனே மூன்று கோப்பும்
என்னுடையது, என்னுடையது என்றன.
ஒரே பெயரில் மூன்று ரேஷன் கார்டு.
தாலுகா ஆபீஸ் முகத்தோடு லிங்கர்
மனுவைத் திருப்பிக் கொடுத்தது.

கூத்தாநல்லூரிலிருந்து ஜெசீமா, போனில்:
"ஸ்டாடிக்னு முன்னாடி ஒட்டுங்கக்கா.
ஆளுக்கொரு நகல். சண்டை தீந்துரும்."
தீரும்தான்.
ஆனாலும் ஓர் அடிக்கு மூன்று கணக்கா?
இந்தப் பக்கம் அதற்காக
மண்வெட்டி தூக்கியிருக்கிறார்கள்.

இன்லைனைத் திரும்ப வைத்தேன்.
பாமணியாறு கோப்பில் மட்டும்
எக்ஸ்டர்ன் போட்டு ஒரே ஒரு வரி:
இது இங்கே குடியிருக்கிறது.
லிங்கர் ஒன்றும் பேசவில்லை.
அது பேசாவிட்டால் சம்மதம்.

பிறகு வரிவரியாய் நடந்தேன்.
பெருக்கல் சரி. வகுத்தல் சரி.
என்மேல் தப்பே இல்லை.
அரை அடி அப்படியே நின்றது.

விடிந்ததும் லஸ்கர் பக்கிரிசாமி கூப்பிட்டார்:
"உங்க மிஷின் குழாய்க்குள்ள
ஆகாயத்தாமரை சொருகிக் கெடக்குதும்மா.
எடுத்துரவா?"

எடுங்க என்றேன்.
திரையில் அரை அடி இறங்கியது.
கீழே கேட் திறந்து
எல்லா ஹாரனும் ஒரே நேரத்தில்.

அந்த ஒரு வரியை
நான் எடுக்கவில்லை.