கலங்கல்

ஆசாரிபள்ளம், பெண்கள் வார்டு.
வலது முட்டிக்குள் ஊசி இறக்கிய டாக்டர்
இழுத்த நீரைச் சிரிஞ்சோடு உயர்த்தி
பின்னால் ஒரு பழைய செய்தித்தாளைப் பிடித்தார்.
நல்ல மூட்டின் நீர் என்றால்
அதனூடே எழுத்து தெரியுமாம்.

தெரியவில்லை.
தலைப்பெழுத்துகூட.

எனக்கு அந்த நிறம் பழக்கம்.
குலசேகரத்துக்கு மேலே பதினேழு வருசம்,
நாளொன்றுக்கு முந்நூறு மரம்.
சிரட்டையில் சொட்டினால் அதற்குப் பெயர் பால்.
என் காலிலிருந்து வந்ததற்கு
டாக்டர் வேறு பெயர் சொன்னார்,
என்னைப் பார்க்காமல்.

ஆறு வருசமாய் முடக்குவாதம்.
இரண்டு மணிக்கு எழுந்தால்
விரல் மடங்கிக் கத்தி பிடிக்க மூன்றரை.
உன் காவல் நாய்க்குப் புத்தி மாறிப்போச்சு,
வீட்டு ஆளையே கடிக்குது என்று
அன்றைக்கு நாகர்கோவிலில் சொன்னார்கள்.
அதை உறங்கப்பண்ணத்தான்
புதன்தோறும் மாத்திரை, வியாழன் மஞ்சள் மாத்திரை,
தினம் காலையில் ஸ்டீராய்டு அரை.
நாய் உறங்கியது.
நான் மரத்துக்கு மரம் நடந்தேன்.

ஆனி மழை.
மரங்களுக்கு பிளாஸ்டிக் பாவாடை கட்டிய வாரம்
கத்திமுனை கட்டைவிரலில் பட்டது, மிளகளவு.
ஒட்டுப்பாலை வைத்து அமுக்கினேன்.
மரத்தின் காயத்தை மூடுவது
என் காயத்தை மூடாதா.

ஐந்தாம் நாள் முட்டி பூசணிக்காய்.
வாதம்தான் என்றேன்.
வாதம்தான் என்றார் வில்பிரட்டும்.
அரை மாத்திரையை நானாகவே ஒன்றரை ஆக்கினேன்.
காய்ச்சல் இல்லையே.
குரைக்க வேண்டியதற்கு
நாமே சோறு வைத்து உறக்கியிருக்கிறோம் என்பது
யாருக்குத் தோன்றும்.

இப்போது படுத்துக்கொண்டு பிரித்துப் பார்க்கிறேன்.
வாதம் இரண்டு கைக்கும் சொல்லிவிட்டு வரும்,
வெயில் ஏற ஏற இளகும்.
இது ஒற்றை முட்டியில் வந்து நின்றது.
வெயிலும் ஒன்று, இரவும் ஒன்று.
தெரிந்திருக்க வேண்டும்.
தெரியவில்லை.

தியேட்டரில் முட்டியைத் திறந்து
உப்புநீர் விட்டுக் கழுவினார்கள்.
எவ்வளவு என்று கேட்டேன்.
ஒன்பது லிட்டர்.
நல்ல நாளில் என் தோட்டத்தில்
அரைப் பாத்தி மரத்துப் பால்.

கிருமி முளைக்க இரண்டு நாள் ஆகும் என்றார்கள்,
பயறு நனைத்து வைத்தவர்கள் மாதிரி.

பக்கத்துக் கட்டிலில் கொடிமுனை ஜெனோவா,
சர்க்கரைக்குப் படுத்திருக்கிறாள்,
கணுக்காலைத் தடவியபடியே பேசுவாள்:
“கொசு கடிச்சது போன ஐப்பசி, பிள்ளே.
காய்ச்சல் மூணு நாளுல எறங்கிற்று.
வலி மட்டும் இன்னும் கரையேறல்ல.
மீன்சட்டிய எறக்கி வச்சா
எடுக்க ஆள் வேணும்.”
வந்தது போய்விட்டது, ஆனால்
அது கிளப்பிவிட்ட சண்டை ஓயவில்லை.
ஒரே வார்டில்
இவளுக்கு விழித்த நாய், எனக்கு உறங்கிய நாய்.

மூன்றாம் நாள் பெயர் வந்தது.
தோலிலும் மூக்கிலும்
எப்போதும் சும்மா குடியிருப்பதுதானாம்.
“குருத்தெலும்பைக் கொஞ்சம் தின்னிருக்கு.
எலும்பைத் தொடல்ல.”
அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு
மத்தியானச் சோறு முழுதும் தின்றேன்.

ஆறு வாரம் மருந்து.
அதுவரை புதன் மாத்திரை கிடையாது.
வில்பிரட் பாத்தியை
அருமனைக்காரன் ஒருவனுக்கு விட்டுவிட்டார்.
அவன் ஆழமாய் வெட்டுவான், தண்ணிப்பட்டை வரை.
சொன்னால் கேட்கமாட்டான்.

இன்று விடியலில் விழித்தபோது
இரண்டு மணிக்கட்டும் வீங்கியிருந்தன,
சொல்லிவைத்தாற்போல் ஒரே அளவில்.
டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.
நர்ஸ் பயந்து டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

நான் சும்மா கிடந்தேன்.
இது என் வலி.
ஆறு வருசம் கேட்ட குரைப்பு.
கடி, என்றேன்.
விழித்திருந்தால் போதும்.