பரமக்குடியில் என் பைக்

கார் லோனுக்கு எழுதிக் கொடுக்குமுன்
உங்க ஸ்கோரைப் பார்த்துக்கோங்க என்றான்
ராமநாதபுரம் ஷோரூம் பையன்.
ஸ்கோர் என்றால் ஆதார் மாதிரி
ஆளுக்கு ஒன்று என்று நினைத்திருந்தேன்.

அக்காள்மடம் பிரவுசிங் சென்டரில் கரண்ட் வந்து வந்து போனது.
பெனிட்டன் மூன்று தாள் எடுத்துக் கொடுத்தான்,
மூன்று கம்பெனி.
ஒன்றில் எழுநூற்று அறுபத்து நாலு.
ஒன்றில் அறுநூற்று எண்பத்தெட்டு.
மூன்றாவதில் மைனஸ் ஒன்று.
"ஃபெயிலா தம்பி?"
"இல்லக்கா. நீங்க கடனே வாங்கினதில்லன்னு நினைக்கிறாங்க."

நான் சிரித்த சிரிப்பில்
ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் திரும்பிப் பார்த்தார்.
ஐஸ் பிளாண்ட் நோட்டில், வலைக்கடை நோட்டில்,
வாரவட்டிக்காரர் சட்டைப்பை நோட்டில்
என் பெயர் இல்லாத பக்கம் உண்டா?

யோசித்தால் இதில் புதிதாக ஒன்றுமில்லை.
கச்சான் வீசும் நாளில்
பாலத்துக்குத் தெற்கே ஆளைத் தூக்கி அடிக்கும்,
வடக்கே தட்டில் ஊற்றிய தண்ணீர் போலக் கிடக்கும்.
காற்று ஒன்றுதான்.
ஆண்கடல் பெண்கடல் என்று பெயர் வைத்துக்கொண்டு
எந்தப் பக்கம் இறங்கலாம் என்று பார்த்துப் பிழைக்கிறோம்.

எண்பத்தெட்டுத் தாளைப் புரட்டினேன்.
பத்துப் பெண்கள் சேர்ந்து வாங்கிய குழுக்கடன்,
மாதத்துக்கு ஒரு கட்டம்.
மே மாதக் கட்டத்தில் முப்பது,
ஜூனில் அறுபத்தொன்று.
"எத்தன நாள் லேட்டுங்கற கணக்குக்கா."

அறுபத்தொன்று.
ஏப்ரல் பதினைந்தில் தொடங்கி
விசைப்படகெல்லாம் கரையில் காய்ந்து கிடந்ததும்
அறுபத்தொரு நாள்தான்.
கடலைப் பூட்டியது ஓர் ஆபீஸ்.
பூட்டின நாளை என் பெயரில் எழுதிக்கொண்டது இன்னொன்று.

பெரிய நம்பர் எங்கிருந்து வந்தது?
அந்தத் தாளில் குழுக்கடனே இல்லை.
நகைக்கடன் ஒன்று, அது என்னுடையது.
கீழே, பரமக்குடிக் கிளை,
இருசக்கர வாகனம், முப்பத்தாறு தவணை,
ஒன்றுகூடத் தவறவில்லை.

எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது.

அவளும் ஜெனோவா. பிறந்த தேதியும் அதே.
என் அப்பா அருளப்பன், அவள் அப்பா அருளப்பர்.
ஓர் எழுத்து இடைவெளியில்
மூன்று வருடமாக எனக்காக
ஒருத்தி பைக் ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

நர்ஸாக இருப்பாளோ, தறிக்காரர் வீட்டுப் பெண்ணோ.
மாதம் ஐந்தாம் தேதி தாண்டியதில்லை.
தடைக்காலம் இல்லாத ஊர்.

"இதை அப்படியே விடுங்கக்கா," பெனிட்டன் குரலை இறக்கினான்.
"உங்க பேங்க் இந்தத் தாளைத்தான் பார்ப்பாங்க.
தப்புன்னு எழுதிப் போட்டா முப்பது நாள்,
நம்பரும் இறங்கும், வட்டி ஏறும்."
ஒன்றரை வட்டி, ஐந்து வருடம்.
மனசுக்குள் நண்டுக் கணக்குப் போட்டேன்,
முதல் தரம், கால் ஒடியாதது,
நாற்பது கிலோவுக்குமேல் போய்க்கொண்டே இருந்தது.

விட்டுவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

அப்போது தோன்றியது.
அவள் பைக் என் தாளில் நிற்கிறது என்றால்
என் அறுபத்தொன்று எங்கே நிற்கிறது?
பரமக்குடியில் ஏதோ கண்ணாடித் தடுப்புக்கு முன்னால்
ஒருத்தி சத்தியம் பண்ணிக்கொண்டிருப்பாளோ,
நான் ஒருநாளும் லேட்டாகக் கட்டியதில்லை சார்,
கடல் எந்தத் திசை என்றுகூட எனக்குத் தெரியாது சார்?

நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம்.
நாளைக்கு அவள் ஒரு தவணை விட்டால்
என் வண்டியைத் தேடித்தானே வருவார்கள்
என்ற பயமும் இருந்தது. எது முதலில் வந்தது
என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"தப்புன்னு அடிச்சு விடு," என்றேன்.
இருபது ரூபாய் வாங்கிக்கொண்டான்.

மண்டபம் பஸ்ஸில் ஐஸ் பெட்டி ஒழுகியது.
பாலத்தின் நடுவில் கண்டக்டர் வந்து
ஆளுக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று கிழித்துக் கொடுத்தார்.
இன்னும் முப்பது நாள் லக்கேஜ் டிக்கெட்.
இரண்டு பக்க ஜன்னலையும் பார்த்தேன்.
இன்று இரண்டு கடலும் ஒரே நிறம்.