கேட் போட்டாச்சு

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில்
முப்பத்தோரு வருஷம் பார்த்த வேலையை
இப்போது எங்கள் சந்தில் பார்க்கிறார்.
கை நீட்டினால் வண்டி நிற்கவேண்டும்.

முதலில் ஹாரன் அடித்தார்கள்.
ஒருநாள் தண்ணி கேன் போடும் மஸ்தான்
வண்டியை ஓரங்கட்டிவிட்டு
"கூட்ஸா, பாசஞ்சரா சார்?" என்றான்.
என்னிடம், "நீ போய் படுக்கா,
நான் பாத்துக்கறேன்."

படுத்தேன்.
எத்தனை மாதமாச்சு, முதுகு தரையைத் தொட்டு.

எழுந்தால் ஆளைக் காணோம்.
பின்தெரு சுற்றி ஓடிவந்தால்
சந்து முனையில் இரண்டு ஆட்டோ, ஒரு குப்பைவண்டி,
மஸ்தான்,
வராத ரயிலுக்கு.

என்னைப் பார்த்தார். யாரோ.
"கேட் போட்டாச்சும்மா, அங்கயே நில்லு."

நின்றேன்.
அடுப்பு, மாத்திரை, நனைந்த லுங்கி
எல்லாம் கேட்டுக்கு அந்தாண்ட.

மெதுவாவே வரட்டும் கூட்ஸு.