ரெண்டும் வருது

மோர்ப்பண்ணையில் சூரியன்
கடலுக்குள்ளிருந்துதான் எழும்பும்.
நண்டு வலை எடுத்த வள்ளங்களும்
அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்துதான் கரை திரும்பும்.
அதனால் எங்கள் ஊரில்
எல்லோரும் கண்ணை இடுக்குவார்கள்.
முப்பதிலேயே கண்ணோரம் கோடு விழுந்துவிடும்,
உப்பு அதில் தங்கும்.
இடுக்கினால்தான் தெரியும்
கொடி சிவப்பா காவியா,
அணியத்தில் நிற்பது மகனா மருமகனா.

நான் இடுக்குவதில்லை.
ஒன்றை மூடிவிடுவேன்.

பத்தொன்பது வயதில் ஒரு காய்ச்சல் வந்தது.
போகும்போது இடது கண்ணைக் கொஞ்சம்
தொண்டிப் பக்கமாகத் தள்ளிவைத்துவிட்டுப் போனது.
இரண்டும் திறந்திருந்தால்
ஒரு பனை இரண்டு பனை,
ஒரு நாய் இரண்டு நாய்.
மதுரை ஆஸ்பத்திரியில் நரம்பு என்றார்கள்,
ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.
பஸ் காசுக்கு நண்டு படவில்லை.

ஒன்றரைக்கண்ணி என்பார்கள். பழகிவிட்டது.
வெயிலுக்கு ஒரு கண்ணை மூடப்போய்
ஐஸ் லாரி டிரைவர் ஒருத்தன்
நான் கண்ணடித்ததாக நினைத்து
இரண்டு வாரம் எங்கள் தெருவில் ஹாரன் அடித்தான்.
அதற்குச் சிரித்தோம்,
நானும் நம்புசெல்வியும், வயிறு வலிக்க.

அவள் புருஷன் ஒரு வள்ளம்.
அவன் தம்பி ஒரு வள்ளம்.
ஐப்பசியில் வாடை முந்திக்கொண்ட அன்று
விடியலில் கரை முழுக்க இடுக்கிய கண்கள்.
தண்ணீர் தகரம்போல் மின்னியது,
ஒருவருக்கும் பிடிபடவில்லை.
அவசரத்தில்
நான் மூட மறந்தேன்.

"ரெண்டும் வருது!"

கத்தியது நான்தான்.
அவள் பிள்ளையை இடுப்பு மாற்றினாள்.
முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.
யாரோ டீக்குச் சொன்னார்கள்.
அந்த டீ ஆறும் நேரம்வரை
இரண்டு வள்ளங்களும் கடலில் இருந்தன,
பக்கத்தில் பக்கத்தில்,
ஒரே சாய்வில், ஒரே கொடியோடு.

ஒரே கொடியோடு.

மூடினேன்.
தம்பி மட்டும் நின்றான் அணியத்தில்.

பார்த்துச் சொல் என்று
இப்போது யாரும் என்னைக் கேட்பதில்லை.
சரிதான்.
பதினோராம் நாள் ராத்திரி அவள் வந்தாள்.
ஒன்றும் பேசாமல்
கடல் பக்கம் என்னைத் திருப்பி நிறுத்தினாள்.
தூரத்தில் ஒரு விளக்கு.
மூடியிருந்த என் இடது இமையைப்
பெருவிரலால் மெல்லத் தூக்கிப் பிடித்தாள்.

"எத்தனை தெரியுது?"

நான் பொய் சொல்லவில்லை.