பாதைக்கு அங்கால

மார்கழியில் ட்ரோம்சோவில் சூரியன் இல்லை.
குருமண்வெளியிலும் முதல் ஒன்பது நாள் இல்லை.
மழை. தவமலரின் கூரைத் தகட்டில்
நாள் முழுக்க யாரோ அரிசி புடைத்தார்கள்.

பத்தாம் நாள் வெளித்தது.
அன்றிரவு தங்கச்சி தலையில் துவாய் சுற்றி
எனக்கும் ஒன்றை நீட்டினாள்:
"பனி விழுது, நனையாத."
இரண்டு கிழமைக்கு முன்
சவளால் வாரித்தான் வாசலைத் திறந்தேன்.
அங்கும் அதற்குப் பெயர் பனிதான்.
துவாயைச் சுற்றிக்கொண்டேன்.

கல்முனைச் சந்தையில் ரெஜிபோம் மீன்பெட்டி மூடி இரண்டு;
பாரைமீன் மணம் இலவசம்.
சுட்ட கம்பியால் சிறகு வெட்டி
உள்ளே குடைக்கம்பி கொடுத்தேன்.
வாலுக்கு ஈர்க்கு.
சில்லுக்கு மருந்துப் போத்தல் மூடி.
மோட்டரும் ரிமோட்டும் மட்டும்
காலுறைக்குள் சுருண்டு கட்டுநாயக்கா தாண்டி வந்தவை.

பதினெட்டு வருசம்
இதே வெள்ளைப் பெட்டிகளில் சால்மன் அடுக்கினேன்.
மூடி போடும்போதெல்லாம்
இது பாரமே இல்லை என்று கை சொல்லும்.
அவ்வளவுதான்.
கேட்பவர்களுக்கு அது காணாது.
பிள்ளைகள் எங்கே, பென்சன் வருமா,
ஐம்பத்தெட்டு வயசில் இதென்னகா.

தை முடிகிற நேரம், மைதானத்தில், பின்னேரம் நாலரை.
முதல் தரம் கோல்கம்பத்தில் மூக்கு.
செலோடேப்.
இரண்டாம் தரம் எழும்பிற்று.

மோட்டர் இரைச்சலுக்கு
மாடு அவிழ்த்துக்கொண்டிருந்த ஒருவர்
முதலில் மரங்களைப் பார்த்தார்,
எது கிட்ட என்று.
பிறகுதான் மேலே.
பிறகுதான் சிரிப்பு.
அந்த ஒழுங்கு எனக்குத் தெரியும்.

ஒரு வட்டம். இரண்டு.
மூன்றாவதை வாடை பிடித்துக்கொண்டது.
நான் வலம் என்றேன், அது மேற்கு என்றது.
வாவி முழுக்க வெயில் சரிந்து கிடந்தது.
கண்ணாடி கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள்
எழுவான்கரையை விட்டுப் படுவான்கரைக்கு,
பாதைக்குக் காத்திராமல்.

மறுநாள் முதல் பாதையில் நான் போனேன்.
மோட்டார் சைக்கிள் நாலு, டீச்சர்மார் மூன்று பேர்,
உரமூட்டையோடு ஒரு லேண்ட்மாஸ்டர்.
இருபது வயசில் இதே துறையில்
அடையாள அட்டையை நீட்டியபடி நின்ற காலை வெயிலை
நினைக்க நேரமிருந்தது.
எந்தச் சிறகு அடிபட்டு விழுந்திருக்கும்
என்று யோசித்தேன்.

மண்டூரில் மூன்று பேரைக் கேட்டேன்.
மூன்றாமவர் திருப்பிக் கேட்டார்:
"வெள்ளையா? மீன் மணக்குமா?"

நேசதுரையின் வயலில் கதிர் முற்றிச் சாய்ந்திருந்தது.
நடுவில் கம்பு. கம்பின் உச்சியில்
கிழக்குப் பார்த்தபடி என் விமானம்,
நைலோன் கயிறு மூன்று சுற்று.
"காலத்தால இருந்து கிளி ஒண்டும் வரல்ல.
என்ன விலை சொல்றீங்க?"
ரிமோட்டைக் காட்டினேன். இது பறக்கும் என்றேன்.
"பறந்தாப் போயிருமே" என்றார்.

வரம்பில் குந்தி மோட்டரைக் கழற்றினேன்.
பற்றரியும் கழன்றது.
உடம்பை அவரே திரும்பக் கட்டினார்,
என்னைவிட இறுக்கமாக.
பாதையில் திரும்பும்போது
ஒரு கையில் எருமைத் தயிர்ச் சட்டி;
சட்டைப்பைக்குள் மோட்டர்
தொடையில் குத்திக்கொண்டே வந்தது.

மாசி நடுவில், வாசலில் வாரிக்கொண்டு நிற்கையில்
போனில் அவர் குரல்:
"அக்கா, குருவியெல்லாம் அந்தச் செட்டையில குந்தித்தான்
கதிர் தின்னுது.
மறுகா வரக்குள்ள
சத்தம் போடுற ஒண்டக் கொண்டு வாங்க."
பின்னால் நெல்வெட்டும் மெஷின்.

சவளைப் பனிக்குள் நட்டேன்.
கையுறையோடு பதில் எழுத வராது.
ஒன்றை மட்டும் கழற்றினேன்.